காலி எடை

கொல்கத்தா நெடுஞ்சாலையில், புதுவாயலை ஒட்டி ஓர் எடைமேடையில் எனக்கு வேலை. சரக்கோடு ஒரு எடை, சரக்கு இறக்கிய பின் ஒரு எடை. கழித்தால் வருவது சரக்கு. 60 டன் தாங்கும் மேடை. எண் பத்துப் பத்துக் கிலோவாக நகரும். ஒன்றரை வருஷத்தில் என் உடம்பிலிருந்து போன 19 கிலோ அதன் கணக்கில் இரண்டு தாவல்கூட முழுசாக இல்லை.

டாக்டர் சொன்ன இலக்கு 23. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண். சராசரி மனிதன் என்ற கற்பனையைத் தேடிய பெல்ஜியத்துக் கெட்லே 1830களில் போட்ட கணக்கு இது. தனி ஆளின் ஆரோக்கியம் அவர் விஷயமே அல்ல. ஐரோப்பியனுக்கு 25 வரை சலுகை. நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால் 23லேயே எச்சரிக்கை.

எண் இறங்கியது. ஆனால் இரண்டு லாரிகளுக்கு நடுவே போகும்போது இன்னமும் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்கிறேன். இடம் தாராளமாக இருக்கிறது. தோளுக்கு அது தெரியவில்லை.

நம் பாஷையும் இதற்கு உடந்தை. பருத்தவனை ‘உடம்பு போட்டுட்டான்’ என்கிறோம். அப்படியானால் மெலிந்தவனுக்கு உடம்பே இல்லை. டீக்கடையில் கேட்கிறார்கள்: “இன்னா சார், இப்டி எளச்சிப் பூட்டீங்க, சுகரா?” இந்தப் பரிதாபத்தைத் தாங்கிக்கொள்ளலாம். பாராட்டுத்தான் கஷ்டம். ‘இப்பத்தான் மனுஷன் மாதிரி இருக்கீங்க’ என்கிறவர், நாற்பது வருஷம் பஸ்ஸில் அரை சீட்டுக்கு வெட்கப்பட்ட ஒருவனை என் எதிரிலேயே ஏசுகிறார். நானும் சிரித்துவைக்கிறேன். அவன் சட்டைகள் பீரோவில் அப்படியே இருக்கின்றன.

பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போய், அங்கிருந்து திருவாலங்காடு போகலாம். காரைக்காலம்மையார் வந்து சேர்ந்த இடம். கணவனுக்காகத் தாங்கிய தசை இனி வேண்டாமென்று அவர் பேயுரு கேட்டதாகச் சேக்கிழார் சொல்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் நியாயம் அது. மெலிவுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது, டீக்கடைக்காரருக்குப் போலவே. அம்மையாரின் பாட்டுகளில் கணவன் இல்லை. மூத்த திருப்பதிகத்தில் வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த கண்ணுமாக ஒரு பெண்பேய் வருகிறது. வருத்தமோ பெருமையோ இல்லாத வர்ணனை. தம்மைக் காரைக்கால் பேய் என்றே கையெழுத்திட்டுக்கொள்கிறார். அழகிலிருந்து விடுதலை என்று இதை எழுதுகிற விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விடுதலை பெற்றவர் பழையதைத் திரும்பிப் பார்ப்பார். இவர் பார்ப்பதாகவே தெரியவில்லை. என்னால் முடியாதது அதுதான்.

நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் அம்மையாரின் சோழர்காலத்து வெண்கலம் ஒன்று இருக்கிறது. உட்கார்ந்த கோலம், கையில் தாளம். படத்தை மனைவியிடம் காட்டினேன். “யார் பெத்த பொண்ணோ, எலும்பு தெரியுது” என்றாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள்.