பாட்டி... பாட்டில்... பல்கேரியா!

பல்கேரியா போகிறவர்கள் பாஸ்போர்ட்டோடு தலையையும் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. அங்கே தலையை மேலும் கீழும் அசைத்தால் 'இல்லை'. இடமும் வலமும் ஆட்டினால் 'ஆமாம்'! சர்வர் வந்து, "ஷ்கெம்பே சோர்பா?" என்று கேட்கும்போது 'ஐயோ, வேண்டாம்ப்பா' என்று நம்மூர் பாணியில் மறுத்தால், ஆவி பறக்க வந்து இறங்கிவிடும். விஷயம் வேறொன்றுமில்லை, இரைப்பை சூப். பூண்டு ஊறிய வினிகரும் மிளகாய்த்தூளும் போட்டு, முந்தின ராத்திரி கொஞ்சம் அதிகமாகப் 'போட்ட' ஆசாமிகள் காலையில் குடித்துத் தெளிகிற சமாசாரம்.

மெனு கார்டில் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் பக்கத்தில் எத்தனை கிராம் என்று அச்சடித்திருக்கிறார்கள். பி.காம். படித்தவனுக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்? சாப்பாட்டுக்கே ஸ்டாக் ரிஜிஸ்டர்!

எந்த ஓட்டலிலும் முதலில் வருவது ஷோப்ஸ்கா சாலட். தக்காளி, வெள்ளரி, வெங்காயம், குடமிளகாய். மேலே பனி கொட்டின மாதிரி துருவிய 'சிரெனே' என்ற வெள்ளைச் சீஸ். வெள்ளை, பச்சை, சிவப்பு... தட்டிலேயே தேசியக் கொடி! 'ஆயிரம் வருஷப் பாரம்பரியம்' என்று நினைக்கத் தோன்றும். அதுதான் இல்லை. 1950-களில் பால்கன்டூரிஸ்ட் என்ற அரசாங்கச் சுற்றுலா நிறுவனம் பயணிகளுக்காகத் தயாரித்த அயிட்டம் இது. கூடவே தயாரித்த மற்ற சாலட்டுகளை ஊர் மறந்துவிட்டது. இதை மட்டும் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. ஆபீஸ் ஃபைலில் பிறந்த ஒரு விஷயம் அடுப்படிவரை போனதாகச் சரித்திரம் உண்டென்றால், அது இதுதான் ஸார்!

உண்மையான பழசு, தயிர். 'கிசெலோ ம்லியாக்கோ' என்கிறார்கள். நேர் அர்த்தம் புளித்த பால். 1905-ல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற மருத்துவ மாணவர் ஜெனிவாவில் மைக்ரோஸ்கோப்பின்கீழ் தன் நாட்டுத் தயிரை வைத்துப் பார்த்து, பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். அதன் பெயரிலேயே 'பல்கேரிகஸ்' ஒட்டிக்கொண்டது. அவர் பிறந்த ஸ்டூடென் இஸ்வோர் கிராமத்தில் இன்று தயிருக்கு ஒரு மியூஸியமே இருக்கிறது!

வெயில் காலத்தில் இந்தத் தயிரைத் தண்ணீர் விட்டு அடித்து, வெள்ளரி, பூண்டு, வால்நட், சோயிக்கீரை போட்டால் 'தரட்டோர்'. ஜில்லென்ற சூப். ஒரு கிண்ணம் உள்ளே போனதும், கோடை மத்தியானத்தில் மோர் குடித்த வயிறு எப்படி இருக்குமோ, அப்படி ஒரு சமாதானம்.

புது வருஷத்துக்கு முந்தின ராத்திரி 'பனிட்ஸா'. மெல்லிய மாவு ஏடுகளுக்கு நடுவே முட்டையும் சீஸும் வைத்துச் சுடுகிறார்கள். உள்ளே சீட்டு எழுதி ஒளித்து வைப்பதும் உண்டு. யார் துண்டில் கல்யாணம், யார் துண்டில் புது வேலை என்பது கடிக்கும்போதுதான் தெரியும். (இன்கிரிமென்ட்டுக்குக் காத்திருக்கிறவர்கள் ஜாக்கிரதையாக மெல்லவும்!)

ஆனால் பல்கேரிய ருசியின் தலைமைச் செயலகம் ஓட்டலில் இல்லை. கிராமத்துப் பாட்டியின் கொல்லையில் இருக்கிறது. செப்டம்பர் வந்தால் மூட்டை மூட்டையாகச் சிவப்பு மிளகாய் வாங்கிச் சுடுகிறார்கள். அதற்கென்றே 'சூஷ்கோபெக்' என்று ஒரு கரண்ட் அடுப்பு வைத்திருக்கிறார்கள். தோலுரித்து, தக்காளி சேர்த்து, பெரிய அண்டாவில் மணிக்கணக்காகக் கிளறினால் 'லூட்டெனிட்ஸா'. பெயரிலேயே காரம் இருக்கிறது. நம் நாக்குக்கு அது தித்திப்புத் தொக்குதான். பாட்டில் பாட்டிலாக அடைத்து, பாதியை ஊர் விட்டு ஊர் போன பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் கணக்குதான் மனசைப் பிசைகிறது. 1985-ல் ஏறக்குறைய 90 லட்சம் ஜனங்கள் இருந்த நாடு. 2021 கணக்கெடுப்பில் 65 லட்சம். பிறப்பும் குறைந்துவிட்டது, வேலை தேடிப் போனவர்களும் ஏராளம். அண்டாவைக் கிளற ஆள் இல்லாத வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. சூப்பர் மார்க்கெட்டில் லூட்டெனிட்ஸா கிடைக்கிறது. லேபிளும் அழகாகத்தான் இருக்கிறது.

பாட்டி கட்டின பாட்டிலில் லேபிள் இருக்காது. அதைத் திறந்த பேரனுக்கு மட்டும் அது எந்த ஊர், எந்த வீடு என்று தெரியும்.