ஏறுகிற சாமான், விழுகிற சாமான்

டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஆன்லைன் கார்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தான். "அண்ணா, இதெல்லாம் ஓகேவா?" ஜிம்மில் செயற்கைச் சுவரில் நாலு வாரம் ஏறியிருக்கிறான், அடுத்து பாதாமி போகணுமாம். கார்ட்டில் பருந்து மூக்கு மாதிரி நுனி வளைந்த, இருப்பதிலேயே விலை கூடிய ஷூ ஒரு ஜோடி. அதற்குக் காசு சேர்க்க, ஹார்னஸும் ரோப்பும் செகண்ட் ஹேண்டில், பாதி விலைக்கு.

அப்படியே தலைகீழாக மாற்று என்றேன். ஷூ வேண்டுமானால் பழசாக வாங்கு, ஹார்னஸைப் புதுசாக வாங்கு, ரோப்பை இப்போது வாங்கவே வாங்காதே.

ஷூவில் தொடங்குகிறேன், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். 'வலிச்சாத்தான் கிரிப்' என்று ஜிம்மில் யாராவது சொல்வார்கள். அது பெரிய கிரேடு ஏறுகிறவர்களின் கணக்கு. ஆரம்பத்துக்குத் தட்டையான, சாதாரண வடிவ ஷூ போதும். சாக்ஸ் இல்லாமல் போட்டுப் பாருங்கள். விரல்கள் முன்னால் போய்த் தொடவேண்டும், லேசாக மடங்கினால் பரவாயில்லை, குதிகாலில் இடைவெளி இருக்கக் கூடாது. பத்து நிமிடம் அதோடு கடையில் நிற்க முடியவில்லை என்றால் அது உங்கள் சைஸ் இல்லை. கடைக்குச் சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். தோல் ஷூ போகப்போக நெகிழும், செயற்கைத் துணி அவ்வளவு நெகிழாது.

எதை வாங்கினாலும் முதல் ஜோடியை நாம் நாசம் செய்வோம். காலைப் பார்த்து வைக்கத் தெரியாமல் பாறையில் இழுத்து இழுத்தே ரப்பரைத் தேய்ப்போம். ராமநகரத்துக் கிரானைட் (1975இல் வெளிவந்த 'ஷோலே' எடுத்த அதே பாறைகள்தான்) இந்த வேலைக்கென்றே செய்த உப்புத்தாள். அதில் தேய்க்க எதற்குப் பெரிய விலை? சாக், அதாவது கை வியர்வைக்குப் பூசுகிற மெக்னீசியம் கார்பனேட் தூள், எந்தக் கம்பெனியானாலும் தூள்தான்.

இதெல்லாம் ஏறுகிற சாமான். இவற்றில் தப்பு நடந்தால் கால் வலிக்கும், கை வழுக்கும், அவ்வளவுதான்.

என் தாத்தா உடன்குடிப் பக்கம் பனையேறி. அவரிடம் இருந்ததை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். காலுக்குத் தளை, இடுப்பில் பாளை சீவுகிற அரிவாள், பதநீருக்குக் கலயம். சீசனில் காலையும் மாலையும் முப்பது நாற்பது மரம். எல்லாமே ஏறுகிற சாமான். விழுந்தால் பிடிக்க ஒன்றும் கிடையாது. அவர் தம்பி, எங்கள் சின்னத்தாத்தா, ஒரு சித்திரையில் விழுந்தார். அப்புறம் இருபது வருஷம் திண்ணைதான். அவர் நின்று பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அதோடு எங்கள் வீட்டில் யாரும் மரம் ஏறவில்லை. அப்பா என்னை இன்ஜினியரிங் சேர்த்ததில் அந்தத் திண்ணைக்கும் பங்கு உண்டு. படித்து, வேலைக்குப் போய், சனிக்கிழமையானால் காசு செலவழித்துப் பாறை ஏறப் போகிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

சொன்னபோது திட்டவில்லை. "கீழ கயித்தப் பிடிக்கவன் யாருல?" என்று கேட்டார்.

ஸ்போர்ட் கிளைம்பிங்கை இதைவிடச் சுருக்கமாகப் புரிந்துகொண்டவரை நான் பார்த்ததில்லை. பாறையில் போல்ட் ஏற்கெனவே அடித்திருக்கும். ஏற ஏற ஒவ்வொன்றிலும் குவிக்டிராவை மாட்டி, ரோப்பை அதில் போட்டுக்கொண்டு போகவேண்டும். தன் எல்லையில் ஏறுகிறவர் விழத்தான் செய்வார், ஒரே நாளில் பத்துத் தடவைகூட. ஒவ்வொரு தடவையும் அவரை நிறுத்துவது ஹார்னஸ், ரோப், கீழே நிற்பவர் கையில் இருக்கிற பிலே டிவைஸ். இவற்றில்தான் பேரம் கூடாது.

ஹார்னஸின் பெல்ட் இடுப்பெலும்புக்கு மேலே உட்காரவேண்டும். இறுக்கியபின் கீழே இழுத்தால் இறங்கக் கூடாது. முடிந்தால் கடையிலேயே தொங்கிப் பாருங்கள். முன்னால் இருக்கிற பிலே லூப் 15 கிலோநியூட்டன் தாங்கவேண்டும் என்பது ஐரோப்பியத் தரம், ஏறக்குறைய ஒன்றரை டன். பக்கவாட்டில் இருக்கும் வளையங்கள் சாமான் மாட்ட மட்டும், அதில் ஆள் தொங்கக் கூடாது. செகண்ட் ஹேண்ட் வேண்டாம் என்பதற்குக் காரணம் எளிது. அது எத்தனை வருஷம் வெயிலில் கிடந்தது, எதன்மேல் உரசியது என்று பார்த்துச் சொல்ல முடியாது. உபயோகிக்காமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் பத்து வருஷத்துக்குமேல் வேண்டாம் என்று பல கம்பெனிகள் தாங்களே எழுதியிருக்கின்றன.

ரோப்பும் குவிக்டிராவும் முதல் வருஷம் தேவையில்லை. அனுபவமுள்ள யாராவது இல்லாமல் பாறைக்குப் போகப்போவதில்லை, அவரிடம் இருக்கும். பிறகு வாங்கும்போது டைனமிக் ரோப்தானா என்று பாருங்கள். ஒரு கடையில் எனக்கு வெள்ளைக் கயிறு ஒன்றைக் காட்டி, "டன் கணக்குல தாங்கும் சார், பில்டிங்குக்குப் பெயின்ட் அடிக்கிறவங்க இதான் வாங்குறாங்க" என்றார்கள். பொய்யில்லை. ஆனால் அது நீளாத கயிறு. அதில் கட்டிக்கொண்டு விழுந்தால் கயிறு அறாது, உடம்பு தாங்காது. டைனமிக் ரோப்பை 80 கிலோ எடை கட்டித் திரும்பத் திரும்ப விழவிட்டுச் சோதிப்பார்கள். குறைந்தது 5 முறை அறாமல் இருக்கவேண்டும். முதல் விழுகையில் 40 சதவீதம் வரை நீளலாம். விழுகிறவரின் வேகத்தை அந்த நீட்சிதான் வாங்கிக்கொள்கிறது. நீளக் கணக்கு: 30 மீட்டர் ரூட்டுக்கு மேலே போய்க் கீழே இறக்க 60 மீட்டர், கூடவே முடிச்சுகளுக்கும் கொஞ்சம். ரோப்பின் மறுமுனையில் ஒரு முடிச்சுப் போடுங்கள். ரோப் நீளம் பற்றாமல் முனை டிவைஸிலிருந்து உருவி ஆள் கீழே விழுவதை அந்த முடிச்சு தடுக்கும். அதற்குச் செலவே கிடையாது.

அப்பா கேட்ட கேள்விக்கான சாமான் பிலே டிவைஸ். நாம் நம் காசில் வாங்குகிறோம், அடுத்தவர் உயிர் அதில் தொங்குகிறது. குழாய் வகை விலை குறைவு. 1991இல் பெட்ஸல் கொண்டுவந்த கிரிகிரி மாதிரியானவை ரோப் சட்டென்று இழுபட்டால் பிடித்துக்கொள்ள உதவும். காசு இருந்தால் இரண்டாவது வகையை வாங்குங்கள். ஆனால் எதை வாங்கினாலும் பிரேக் பக்கத்துக் கை ரோப்பை விடவே கூடாது. கூட ஒரு லாக்கிங் கேரபினர் வேண்டும். அதன் உடலில் எத்தனை கிலோநியூட்டன் என்று பொறித்திருக்கும். சாவிக்கொத்தில் மாட்டுகிற கேரபினர் பார்க்க அதே மாதிரி இருக்கும், இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். தலைக்கு ஏறுகிறவர்களுக்கான ஹெல்மெட், பைக் ஹெல்மெட் ஆகாது. கீழே நிற்பவரும் போடவேண்டும், கல் பெரும்பாலும் அவர் மேல்தான் விழும்.

பாதாமியில் குரங்குகள் உண்டு, சாப்பாட்டை ரோப் பையில் வைக்காதீர்கள். வீட்டில் ரோப்பையும் ஹார்னஸையும் இன்வெர்ட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். பேட்டரி ஆசிட் பட்ட நைலான் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே பலமிழந்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டும் பீரோவின் மேல்தட்டில், மனைவியின் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. சாக் தூள் படுகிறது என்று மாதம் ஒரு சண்டை வருகிறது.