கண்ணாடி வெயில்

சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்டில் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். நடக்கிற தூரத்தில் லோன் ஃபிர் கல்லறைத் தோட்டம். கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே வந்து குடியேறிய முதல் தலைமுறை அடங்கிய மண். 1846-ல் எம்மர் ஸ்டீஃபன்ஸ் என்பவரை அவர் மகனின் நிலத்தில் புதைத்தார்கள். அதுதான் தொடக்கம். பெயர் வைத்தபோது அங்கே ஒரே ஒரு ஃபிர் மரம்தான் நின்றதாம்.

சிதைந்த கற்களைச் செப்பனிடும் தன்னார்வலர்களோடு ஒரு சனிக்கிழமை நானும் போய் உட்கார்ந்தேன். எனக்கு வாய்த்தது முழங்கால் உயரப் பளிங்குக் கல். மேலெல்லாம் பாசி, நம் வீட்டு மசாலாவில் போடும் கல்பாசிக்குச் சொந்தம். கையில் கொடுத்தது ஒரு வாளித் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், ஒரு மரக்குச்சி. பிளீச்சிங் பவுடர், ஆசிட், கம்பி பிரஷ் எதுவும் கூடாது. நூறு வருட மழையில் பளிங்கின் மேல்தோல் சர்க்கரை மாதிரி உதிரத் தொடங்கிவிடும். அழுத்தித் தேய்த்தால் அழுக்கோடு எழுத்தும் போய்விடும். கல்லை முதலில் நன்றாக நனைத்து, கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் வழியும் அழுக்குநீர் கறையாகத் தங்கும்.

பக்கத்தில் இரண்டாக உடைந்த கல் ஒன்று. முன்பு யாரோ அக்கறையோடுதான் சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள். சிமென்ட் பளிங்கைவிடக் கடினம், ஈரத்தையும் வெளியே விடாது. ஒட்டின ஓரத்திலேயே கல் மறுபடி வெடித்திருந்தது. சுண்ணாம்புச் சாந்து அப்படியல்ல. தான் தேய்ந்து கல்லைக் காப்பாற்றும். நம் ஊர்ப் பழைய கோயில் சுவர்களில் சிமென்ட் அப்பியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஏன் அப்படி வலித்தது என்று அங்கே விளங்கியது.

மத்தியானம் வரை தேய்த்தும் என் கல்லில் எழுத்துத் தெரியவில்லை. குழுவை நடத்திய வயதான அம்மாள் ஒரு நிலைக்கண்ணாடியைத் தூக்கி வந்து, வெயிலைப் பக்கவாட்டில் கல்மேல் திருப்பினார். விரலுக்குத் தட்டுப்படாத பள்ளங்களில் நிழல் விழுந்தது. முதலில் படுத்திருக்கும் ஓர் ஆட்டுக்குட்டி. “குழந்தைகளுக்கு இதைத்தான் செதுக்குவார்கள்” என்றார். அடுத்து, 2 வருடம், 4 மாதம். பெயரில் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கண்ணாடியை அசைக்கவேயில்லை.

கிளம்பும்போது தென்மேற்கு மூலைக்கு அழைத்துப் போனார். சீனத் தொழிலாளர்களையும், அன்றைய மனநல விடுதி நோயாளிகளையும் புதைத்த இடம். சீனர்களின் எலும்புகளையெல்லாம் எடுத்து ஊருக்கு அனுப்பியாகிவிட்டது என்று நம்பி, 1950-களில் அதன் மேல் அரசு அலுவலகம் கட்டினார்கள். பின்னாளில் தோண்டிப் பார்த்தால் அடியில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இந்தத் தோட்டத்தில் அடங்கிய 25,000-க்கும் மேற்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோருக்குக் கல்லே இல்லை.

அங்கே தேய்க்க ஒன்றும் இல்லை. வெறும் புல். ஓரத்தில் யாரோ மூன்று ஆரஞ்சுப் பழங்கள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, புல்லில் கால் படாமல் வெளியிலேயே நின்றோம்.