மார்ச் முதல் அக்டோபர் வரை

ஏற்காட்டில் எங்கள் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து நான் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தேன். அப்பா பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். நான் ஒரு பட்டனை அழுத்தியதும் திரையில் நாட்கள் கடந்தன. என் அணியின் வெற்றி தோல்விக் கணக்கு தானாக மாறியது. இரண்டு வாரம் ஓடிவிட்டது.

"இந்த மேட்செல்லாம் யாருடா ஆடுனது?"

"கம்ப்யூட்டர்ப்பா."

"அப்ப நீ எதுக்கு?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மறுநாள் அதே இடத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்டார். ஜோக்கைத் திரும்பச் சொல்கிறார் என்று நினைத்து மறுபடியும் சிரித்தேன். மூன்றாம் நாளும் கேட்டார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

*

சேலத்துப் பையனுக்கு பேஸ்பால் எப்படி வந்தது என்று நண்பர்கள் கேட்பார்கள். காரணம் ஏ.ஆர்.ரஹ்மான். அவர் இசையமைத்தார் என்பதற்காகவே 2014-இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' பார்த்தேன். 2008-இல் ஒரு டிவி போட்டியில் தேர்வாகி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்ட ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரின் கதை. இருவரும் ஈட்டி எறிபவர்கள். அதற்கு முன் பேஸ்பாலைத் தொட்டதில்லை. நான் பேட்டைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் அன்றிலிருந்து பைரேட்ஸ் என் அணி.

பேஸ்பாலில் எனக்கிருந்த ஒரே சிக்கல் அதன் நீளம். மார்ச் கடைசியில் தொடங்கி, செப்டம்பர் முடிவதற்குள் ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடும். பிறகு அக்டோபரில் நாக்-அவுட். வீடியோ கேமில் ஓர் ஆட்டம் முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு சீசனுக்கு 121 மணி நேரத்துக்கு மேல். வேலைக்குப் போகிற மனுஷனால் முடியுமா? ஒவ்வொரு வருஷமும் மே மாதத்தோடு விட்டுவிடுவேன்.

2019-இல் சோனியின் சான் டியேகோ ஸ்டுடியோ, 'எம்.எல்.பி. தி ஷோ 19' விளையாட்டில் இதற்கு ஒரு வழி கொடுத்தது. பெயர் 'மார்ச் டு அக்டோபர்'. இதில் முழு ஆட்டம் ஆட வேண்டியதில்லை. எட்டாவது இன்னிங்ஸ், நம் அணி ஒரு ரன் பின்தங்கியிருக்கிறது, இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள் என்கிற மாதிரி ஒரு கட்டத்தில் நேராக இறக்கிவிடும். ஜெயித்தால் அணிக்கு உத்வேகம் கூடும், தோற்றால் சரியும். அடுத்த முக்கிய கட்டம் வரைக்கும் இடையில் இருக்கும் ஆட்டங்களை, வீரர்களின் தர எண்களையும் அந்த உத்வேகத்தையும் வைத்து மெஷினே ஆடி முடித்துவிடும். சில நாள் ராத்திரிகளில் ஒரு சீசனே முடிந்துவிடும்.

இதன் பின்னால் இருக்கும் எண்ணம் பேஸ்பாலுக்குப் புதிதல்ல. டாம் டேங்கோ என்ற ஆய்வாளர் 'லெவரேஜ் இன்டெக்ஸ்' என்று ஒரு அளவு வைத்தார். சராசரிக் கட்டத்தின் மதிப்பு 1. கடைசி இன்னிங்ஸில் ஸ்கோர் சமமாக இருந்தால் அது பல மடங்கு ஏறும். பத்து ரன் முன்னிலையில் இருந்தால் பூஜ்யத்தை ஒட்டிப் போய்விடும். எல்லாப் பந்தும் ஒரே எடை இல்லை என்பதுதான் விஷயம். இன்ஜினியரான எனக்கு இது உடனே பிடித்துவிட்டது. ஒரு சிஸ்டத்தை முழுக்கப் பார்க்க வேண்டாம், அலாரம் அடிக்கும் இடத்தைப் பார்த்தால் போதும் என்றுதான் சம்பளமும் வாங்குகிறேன்.

*

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. பெங்களூரிலிருந்து மூன்று நாள் துணியோடும் பிளேஸ்டேஷனோடும் வீட்டுக்கு வந்தேன். 'தி ஷோ 20' மூன்று நாளுக்கு முன்னால்தான் வெளியாகியிருந்தது. 25-ஆம் தேதி நாடு அடைந்தது. அமெரிக்காவில் நிஜ பேஸ்பாலும் நின்றது. ஜூலை 23 அன்று மறுபடி தொடங்கியபோது 162 ஆட்டங்கள் 60 ஆகச் சுருங்கியிருந்தன. முழு சீசன் இருந்தது என் டிவியில் மட்டும்தான்.

மார்ச்சில் வந்தவன், திரும்பிப் போனது அக்டோபரில். இதை நான் திட்டமிடவில்லை.

அதற்கு முன் பதினோரு வருஷமாக நான் வீட்டுக்கு வந்தது பொங்கலுக்கு, தீபாவளிக்கு, கல்யாணங்களுக்கு. அதாவது முக்கியக் கட்டங்களுக்கு. அந்த நாட்களில் அப்பா சவரம் செய்து, வேட்டி மாற்றி, பேச வேண்டியதைப் பேசித் தயாராக இருப்பார். நடுவில் இருந்த நாட்களின் கணக்கை அம்மா போனில் சொல்லிவிடுவாள். "ஒண்ணும் விசேஷமில்ல கண்ணு, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்."

அப்பா ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். எங்களுக்கென்று ஒன்றரை ஏக்கர் காப்பி இருக்கிறது. சில்வர் ஓக் நிழலில் அராபிகா, மரங்களில் மிளகுக் கொடி. காப்பிக்கும் முக்கியக் கட்டங்கள் உண்டு. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் செடியெல்லாம் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை மாதிரி வாசம். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அதற்குப் பிறகு நவம்பர் வாக்கில் பழம் சிவந்து பறிப்புக்கு வரும். டூரிஸ்ட்டுகள் போட்டோ எடுப்பது இந்த இரண்டையும்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். இடையில் இருக்கும் எட்டு மாதத்தில்தான் காய் உருவாகிறது என்பதை அந்த வருஷம்தான் கண்ணால் பார்த்தேன்.

ஏப்ரலில் ஆள் வரத்துக் குறைவு. அப்பா என்னைக் கூப்பிட்டார். "வா, தண்டு தேய்க்கணும்." அராபிகாவின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறையும், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் இன்னொரு முறையும் பறந்து வந்து, பட்டையின் வெடிப்புகளில் முட்டை வைக்கும். புழு தண்டுக்குள் துளைத்துக்கொண்டு போகும். வெளியே இலை மஞ்சளாகும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். அதனால் வண்டு வருவதற்கு முன்பே, தொங்கும் பட்டையைத் தேங்காய் நாராலும் சாக்குத் துணியாலும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு செடியாக. ஸ்கோர் ஏறாத வேலை.

மூன்றாம் வரிசையில் அப்பா நின்றுவிட்டார். "இது தேய்ச்சதா, தேய்க்காததா?" அவரே ஐந்து நிமிடம் முன்னால் தேய்த்த செடி. பிறகு வீட்டுக்குத் திரும்பும்போது, முப்பது வருஷம் நடந்த பாதையில், வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நேராகப் போனார். நான் கூப்பிட்டதும், ஏதோ மரத்தைப் பார்க்கப் போன மாதிரி ஒரு பாவனை செய்துவிட்டுத் திரும்பி வந்தார். அந்த பாவனைதான் எனக்கு வலித்தது. அதில் நல்ல பழக்கம் தெரிந்தது.

அன்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன்.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "நீ என்ன கேப்ப? எல்லாம் நல்லா இருக்கானு கேப்ப. கேட்டதுக்குப் பதில் சொன்னேன். இன்னைக்கு என்னடா சாப்ட்டாரு, எங்க போனாருனு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

பதில் இல்லை. அந்த இரண்டு வருஷத்தின் எல்லா ஆட்டங்களையும் அவள்தான் ஆடியிருக்கிறாள். சம்பளக் கணக்கில் வரும் தப்புகளை அவர் தூங்கிய பிறகு திருத்தினாள். நான் வரும் நாட்களுக்கு முன்னால், யார் யார் வருவார்கள் என்று அவரிடம் பெயர் சொல்லி ஞாபகப்படுத்தினாள். எனக்கு வந்தது ரிசல்ட் மட்டும். அதையும் பார்த்துப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறாள்.

கோடை விழா நடக்காத அந்த மே மாதம் போய், ஆகஸ்டில் 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி சேலத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். மறதி நோயின் ஆரம்பம் என்றார். "எப்போ கவனிச்சீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

*

கேமில் இருக்கும் அந்த வசதியை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாமல் நான் ஒரு சீசனையும் முடித்திருக்கப் போவதில்லை. ஆனால் அதில் முக்கியக் கட்டம் எது என்று ஸ்கோர் சொல்லிவிடுகிறது. எனக்கு அதைச் சொன்னது காலண்டர். அப்பாவின் நோய்க்குப் பொங்கல் எப்போது என்று தெரியாது. அது லெவரேஜ் 1-க்கும் கீழே இருக்கும் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்திருக்கிறது. இன்னொன்று, கேமில் தாண்டிப்போன ஆட்டங்களை ஆடியது மெஷின். அதற்குக் களைப்பு கிடையாது.

2023-இல் நிஜ பேஸ்பாலிலும் நேரத்தைக் குறைத்தார்கள். அந்த வருஷ விதிப்படி, பேஸில் யாரும் இல்லையென்றால் 15 வினாடி, இருந்தால் 20 வினாடிக்குள் பந்தை வீசத் தொடங்க வேண்டியிருந்தது. சராசரி ஆட்ட நேரம் சுமார் 24 நிமிடம் குறைந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. இவர்கள் ஒரு பந்தைக்கூட வெட்டவில்லை. நடுவில் கையுறையைச் சரிசெய்துகொண்டு நிற்பதை மட்டும் வெட்டினார்கள். நேரத்தை மிச்சம் பிடிக்க இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பேசுவதை நிறுத்திவிட்டேன். இப்போது தினமும் ஐந்து நிமிடம். மாதத்தில் ஒரு வாரம் அங்கிருந்து வேலை பார்க்கிறேன், விசேஷம் எதுவும் இல்லாத வாரமாகப் பார்த்து. அந்த வாரம் அம்மா அவள் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தூங்குகிறாள்.

அப்பாவுக்கு என் பெயர் சில நாள் வருவதில்லை. ஆனால் தண்டில் கை வைத்தால், உள்ளே புழு ஓடியதால் பட்டையில் எழும்பியிருக்கும் மேட்டை விரல் கண்டுபிடித்துவிடுகிறது. "இதப் புடுங்கிப் போடணும்" என்பார். போன மாதம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"அந்த மேட்சு என்னாச்சு?"

"தோத்துட்டோம்ப்பா."

"நீ ஆடுனியா?"

"கொஞ்சம்."

தலையாட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போனார். அது தேய்த்த செடிதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கூடவே உட்கார்ந்து மறுபடி தேய்த்தேன்.