விரல் சொன்ன பாடம்

நரம்புக்குள் எலும்பு முளைக்கும் என்றால் நம்புவீர்களா? நானும் நம்பியிருக்கமாட்டேன், என் வலக்கைச் சுட்டுவிரலில் அது முளைக்கும்வரை!

கார்க் கதவில் விரல் நசுங்கிச் சில மாதங்கள் கழித்து, அதன் ஓரத்தில் அரிசி மணியளவு கட்டி ஒன்று தட்டுப்பட்டது. பேனா பட்டால் போதும், நுனிவரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இருக்கும். சுளுக்கு என்றெண்ணித் தைலம் போட்டு அழுத்தி உருவினேன். வலி கூடியதே தவிர குறையவில்லை.

கடைசியில் மருத்துவமனைக்குப் போனேன். எக்ஸ்ரே படத்தில், விரல் எலும்பை விட்டு விலகி ஒரு வெள்ளைப் புள்ளி! நம் விரல் ஒவ்வொன்றிலும் உள்ளங்கைப் பக்கமாக, இரு ஓரங்களிலும் இரண்டு நரம்புகள் ஓடுகின்றன. தொட்டால் தெரிவது இவற்றால்தான். அறுவை செய்து பார்த்தபோது, அவற்றுள் ஒன்றுக்குள்ளேயே அந்தத் துணுக்கு இருந்தது. சோதித்து, எலும்புதான் என்றார்கள்.

"அடிபட்ட இடத்தை ஆற்ற வரும் உயிரணுக்கள் சில சமயம் வழி தவறி எலும்பைக் கட்டிவிடும், டீச்சர். தசையில் இப்படி நேர்வதுண்டு. நரம்பில் மிக அரிது. அடிபட்ட இடத்தை அழுத்தித் தேய்ப்பது நல்லதல்ல" என்றார் டாக்டர்.

கட்டுப் போட்ட கையோடு வீட்டிலிருந்தபோது ஒரு முகம் நினைவுக்கு வந்தது. முந்தைய ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், "விரல் வலிக்குது டீச்சர், எழுத முடியல" என்றான். காயமில்லை, வீக்கமில்லை. வீட்டுப்பாடம் செய்யாததற்குச் சாக்கு என்று முடிவு கட்டி, அவனை வகுப்பு முடியும்வரை நிற்க வைத்தேன். என் விரலிலும்தான் வெளியே ஒன்றும் தெரியவில்லை!

பள்ளி திரும்பிய முதல் நாளே அவனைக் கூப்பிட்டு, விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அது அப்பவே சரியாப் போச்சு டீச்சர். உங்களுக்கு இன்னும் வலிக்குதா?" என்றான், என் கையைப் பார்த்தபடி.

நான் அவனிடம் ஒருநாளும் கேட்காத கேள்வி அது.

இன்று என் விரல் நுனியில் சிறிது மரமரப்பு மிச்சமிருக்கிறது, வலி இல்லை. வாசகர்களே, கட்டியோடு மரமரப்போ மின்சாரம் பாய்வது போன்ற வலியோ இருந்தால் உருவிக்கொண்டிராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளை "வலிக்கிறது" என்றால், முதலில் நம்புங்கள்.