எங்கள் பெச்சின் பாட்டு



நேற்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் அழகியல் பாடவேளையை மறுபடியும் கணக்குக்குக் கொடுத்துவிட்டோம். புலமைப்பரிசில் நெருங்குது, வேற என்ன செய்ய என்று நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஆறவில்லை. ஜப்பானில் இருந்தபோது நடந்த ஒரு விசயம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

2017 ஒக்டோபரில் ஜப்பான் அரசின் ஆசிரியர் பயிற்சிப் புலமைப்பரிசிலில் ஒன்றரை வருடம் ஒகயாமா நகரத்துக்குப் போனேன். அங்கே நான் அவதானிக்கப் போன ஆரம்பப் பாடசாலையில் நான்கு டீச்சர்மார் நல்ல கூட்டாகிவிட்டார்கள். நால்வருக்கும் முப்பத்திரண்டிலிருந்து முப்பத்தாறு வயது. நானும் அந்த வயதுதான்.

ஜப்பானில் கல்வியாண்டு மார்ச்சில் முடியும். 2019 மார்ச்சில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பிரியாவிடை சொல்லி அனுப்பிய அன்று பின்னேரம், "சென்செய், நீங்களும் ஊருக்குப் போகப் போறீங்க, வாங்க கரோக்கேக்குப் போவோம்" என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தயக்கம்தான். பாட்டு, குடி என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால் கதவு மூடிய ஒரு சின்ன அறை, ஒரு டிவி, இரண்டு மைக், ஒரு தம்பூரின். குடிக்க ஊலொங் டீ, தின்ன உருளைக்கிழங்குப் பொரியல். பெண்கள் ஐந்து பேரைத் தவிர வேறு யாரும் இல்லை.

'கரா' என்றால் வெறுமை, 'ஓகே' என்பது ஓர்கெஸ்ட்ரா என்ற சொல்லின் முதல் பாதி. பாடகர் இல்லாமல் வாத்தியம் மட்டும் வரும், பாடவேண்டியது நாம். இப்படித் தனி அறையில் பாடும் 'கரோக்கே பொக்ஸ்' முதன்முதலில் வந்ததும் 1985இல் அந்த ஒகயாமாவில்தானாம். பழைய சரக்குக் கொள்கலனை அறையாக்கி வைத்தார்களாம்.

அவர்கள் தேடித் தேடி எடுத்ததெல்லாம் தாங்கள் படித்த காலத்துப் பாட்டுகள். ஒகினாவாவிலிருந்து வந்த நான்கு சிறுமிகளின் 'ஸ்பீட்' குழு 1997இல் பாடிய 'வைட் லவ்' முதலில் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு பாட்டுக்கு ஒரு குட்டி சீடி, ஒடுங்கிய நீளமான அட்டையில் வருமாம். கைச்செலவுக் காசைச் சேர்த்து அதை வாங்கிய கதையை ஒருத்தி சொன்னாள். அடுத்தது உத்தாதா ஹிகாரு பதினாறு வயதில் பாடிய 'ஃபர்ஸ்ட் லவ்'. அதே பெயரில் 1999இல் வந்த அல்பம் ஜப்பானில் மட்டும் 70 இலட்சத்துக்கு மேல் விற்றது. அங்கே இன்றுவரை ஆகக்கூடுதலாக விற்ற அல்பம் அதுதான். கிரோரோ என்ற இரண்டு பெண்கள் 1998இல் பாடிய 'மிராய் எ' உம்மாவைப் பற்றியது. அதைப் பாடிய டீச்சருக்கு இடையில் தொண்டை அடைத்தது. மற்றவள் மைக்கை வாங்கித் தொடர்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு 'சோன்' என்ற பெண்கள் குழுவின் 'சீக்ரெட் பேஸ்', 2001இல் வந்தது. கோடை விடுமுறை முடிந்து பிரியும் இரண்டு கூட்டாளிகள், பத்து வருடம் கழித்து ஆகஸ்டில் சந்திப்போம் என்று வாக்குக் கொடுப்பார்கள். 2005இல் கலைந்துபோன அந்தக் குழுவில் சிலர், சரியாகப் பத்து வருடத்தில், 2011 ஆகஸ்டில் மீண்டும் கூடினார்களாம். "எங்கட வகுப்பும் அப்படித்தான் வாக்குக் கொடுத்தோம். ஆறு பேர்தான் வந்தாங்க" என்று ஒரு டீச்சர் சிரித்தாள்.

அப்போதுதான் என் பக்கம் திரும்பிக் கேட்டார்கள். "பதினஞ்சு பதினாறு வயசில நீங்க எல்லாரும் சேர்ந்து பாடின பாட்டு எது?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த வயதில் எங்கள் ஊரில் யுத்தம், கரண்ட் இல்லாத இரவுகள், பெட்டரி ரேடியோ. ரேடியோவில் கேட்ட சினிமாப் பாட்டு நிறைய. ஆனால் 'நாங்கள்' பாடியது? யோசித்துக்கொண்டே இருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு சாதாரண தரப் பிரியாவிடைக்கு எங்கள் தமிழ் டீச்சர் எங்களுக்கென்றே ஒரு பாட்டு எழுதித் தந்தார். இரண்டு சரணம். அந்தப் பெச்சைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

மெசினில் அதற்கு இசை ஏது? சும்மாவே பாடினேன். முதல் சரணம் தடையில்லாமல் வந்தது. இரண்டாவதில் மூன்றாம் வரி வரவேயில்லை. அந்த வரியை எங்களுக்கு எடுத்துத் தந்தவள் என் பக்கத்துக் கதிரைக்காரி. எப்போதும் அவள்தான் தொடங்குவாள், நாங்கள் பின்னால் சேர்வோம். பாட்டை எழுதி வைத்திருந்த கொப்பியும் அவளிடம்தான் இருந்தது. 2004 டிசம்பர் 26இல் அவளும் போனாள், அந்த வீடும் போனது. அல்லாஹ் அவளுக்குச் சுவனத்தைக் கொடுக்கட்டும்.

எனக்குத் தெரிந்த ஜப்பான் மொழியில் அதைச் சொன்னேன். 'ட்சுனாமி' என்ற சொல்லை அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இசை டீச்சர் 'தபிதாச்சி நோ ஹி நி' என்ற பாட்டைப் போட்டாள். புறப்படும் நாளுக்கு என்று அர்த்தம். 1991இல் சைத்தாமா மாகாணத்தின் ச்சிச்சிபு நகரில் ஒரு கனிஷ்ட பாடசாலையின் அதிபர் கொஜிமா நொபோரு எழுதி, இசை ஆசிரியை சகாமொத்தோ ஹிரோமி மெட்டமைத்த பாட்டு. விலகிப் போகும் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் பாடிக்காட்ட, ஒரே ஒரு தடவைக்கு என்று செய்தது. பிறகு பாடசாலைக்குப் பாடசாலை பரவி, இன்று நாடு முழுக்கப் பிரியாவிடையில் அதைப் பாடுகிறார்கள்.

நால்வரும் எழுந்து நின்று பாடினார்கள். இருவர் மேல்குரல், இருவர் கீழ்க்குரல். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. நால்வரும் வேறு வேறு ஊர், வேறு வேறு பாடசாலை. இருபது வருடத்துக்கு முன் வகுப்பில் பழகிய குரல் அப்படியே நின்றது.

அங்கேயும் பரீட்சை இருக்கிறது, டியூசன் இருக்கிறது, பெற்றோருக்குக் கவலை இருக்கிறது. இருந்தும் ஐந்தாம் ஆறாம் ஆண்டுகளில்கூட இசைக்கு வருடத்துக்கு 50 பாடவேளை பாடத்திட்டத்தில் உண்டு. அதை யாரும் கணக்குக்குக் கொடுப்பதை நான் பார்க்கவில்லை.

இசை பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு இருப்பது எனக்குத் தெரியும். அந்த விவாதத்துக்கு நான் வரவில்லை. வாத்தியம் இல்லாமலே நம் மூத்தம்மாமார் தாலாட்டும் கவியும் பாடினார்கள், கஸீதா பாடினார்கள், ஆண்கள் பொல்லடிக்குப் பாடினார்கள். நம்மிடம் இல்லாதது பாட்டு இல்லை. பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து வாய் திறக்கும் அந்த நாற்பது நிமிடம்தான். புலமைப்பரிசில் புள்ளியை முப்பத்தைந்து வயதில் யாரும் கேட்கப்போவதில்லை. சேர்ந்து பாடியது நினைவிருக்கும். கூட்டாளி ஒருத்தி இல்லாமல் போனாலும் அவளுடைய குரல் எந்த வரியில் வரும் என்று தெரியும்.

திங்கட்கிழமை அதிபர் சேரிடம் அந்தப் பாடவேளையைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். பெற்றோரே, "டீச்சர் படிப்பிக்காம பாட்டுப் படிக்கிறா" என்று யாராவது சொன்னால் எனக்காக ஒரு வார்த்தை பேசுங்கள்.

கடைசியாக, எங்கள் 2000 பெச் ராத்தாமாரே, தங்கச்சிமாரே, கட்டாரில் குவைத்தில் எங்கே இருந்தாலும் சரி. அந்த இரண்டாம் சரணத்தின் மூன்றாம் வரி உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? இருந்தால் இன்பொக்ஸில் பாடி அனுப்புங்கள். குரல் நல்லா இல்லாவிட்டாலும் பரவாயில்லை.