எந்த மண்ணில் பந்தயம்?

சித்திரைப் புத்தாண்டு நெருங்கும் நாட்களில், பதுளை பஸ் நிலையத்திலோ தோட்டத்துப் பெரட்டுக்களத்தின் ஓரத்திலோ இளைஞர் இருவர் சந்தித்துக்கொண்டால், சம்பளத்துக்கும் மழைக்கும் அடுத்தபடியாக அவர்கள் வாயில் வருவது "இந்த வருசம் ரேஸ் எங்க?" என்ற கேள்விதான். 1993ஆம் ஆண்டு தொடங்கிய பழக்கத்தால், எங்கள் ஊவா ஜனங்களுக்கு அதற்கு நெடுங்காலம் ஒரே விடை இருந்தது: தியத்தலாவை, பொக்ஸ் ஹில். அந்த விடையின் உறுதி குலைந்துபோன பிறகுதான், மோட்டார்ப் பந்தயம் அந்தக் குன்றைத் தேடி வந்த சரித்திரம் என்ன என்று அறிய என் மனம் விழைந்தது.

முதலில் பெயரிலிருந்தே தொடங்கினேன். 'பொக்ஸ்' என்றால் ஆங்கிலத்தில் நரி. வெள்ளைக்காரத் துரைமார் நரிவேட்டை ஆடிய இடமாக இருக்கும் என்று சிறு வயது முதல் எண்ணியிருந்த எனக்கு, அப்பெயர் கடலிலிருந்து வந்தது என்று தெரிந்தபோது வியப்பு மேலிட்டது. 1900ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க யுத்தத்தில் பிடிபட்ட ஏறத்தாழ ஐயாயிரம் போயர் கைதிகளை அடைத்துவைப்பதற்காக இந்தக் குளிர்ந்த மேட்டுநிலத்தில் ஒரு முகாம் எழுந்தது. பின்னாளில், 'பொக்ஸ்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் இங்கே தங்கியிருந்தபோது, தங்கள் கப்பலின் நினைவாக மலைச்சரிவிலே வெண்கற்களைப் பதித்து ஒரு நரியின் உருவத்தை வரைந்தார்கள். அந்த நரி இன்றும் அங்கே இருக்கிறது. கைதிகளும் மாலுமிகளும் பின்னர் நம் நாட்டுச் சிப்பாய்களும் மாறிமாறிக் குடியிருந்த அந்த மண், என்றைக்கும் பந்தயத்துக்கென்று அமைந்ததன்று.

பந்தயத்தின் வேரைத் தேடிப் போனபோதும் இதே உண்மைதான் எதிர்ப்பட்டது. 1934இல் நுவரெலியாவை அடுத்த மகாகஸ்தோட்டையில் தொடங்கிய மலையேற்றப் போட்டி, கொழுந்து ஏற்றும் தேயிலைத் தோட்டத்துப் பாதையிலே, கார்கள் ஒவ்வொன்றாகக் கடிகாரத்தோடு போட்டியிட்டு ஏறியதாகும். பல கார்கள் ஒருசேர ஓடுவதற்குச் சமதளம் வேண்டியிருந்தபோது ரத்மலானையிலும், உலக மகாயுத்த காலத்துக் கட்டுகுருந்தையிலும் இருந்த விமானத் தளங்களையே நம் பந்தயக்காரர்கள் நாடினார்கள். பிரித்தானியாவின் சில்வர்ஸ்டோனும் யுத்தகாலக் குண்டுவீச்சு விமானத் தளமே. 1948இல் வைக்கோற் கட்டுகளை எல்லையாக வைத்து அங்கே ஓடத் தொடங்கிய அந்நாட்டுக் கிராண்ட் பிரி, இடையில் ஏன்ட்ரீ என்றும் பிராண்ட்ஸ் ஹச் என்றும் அலைந்து, 1987 முதற்கொண்டுதான் ஓரிடத்தில் நிலைத்தது. சென்னையார் சோழவரத்து விமான ஓடுபாதையில் ஆண்டாண்டுக் காலம் ஓடிய பிறகு, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் கண்டார்கள். நம் தீவின் பந்தயமோ இன்னும் பெரும்பாலும் பிறர் வீட்டு முற்றத்தில் விருந்தாளி.

ஊவாவின் மலைப்பகுதியில் விமானத் தளத்துக்கேற்ற சமநிலம் ஏது? இங்கு இருப்பதெல்லாம் தேயிலை, பள்ளம், மேடு. ஆகவேதான் பந்தயம் தியத்தலாவை இராணுவ அக்கடமியின் பயிற்சிச் சரிவை நாடிற்று என்று நான் கருதுகிறேன். சரிவென்பதால் ஓடுதடத்தைச் சுற்றிய மேடுகளே இயற்கையான பார்வையாளர் மண்டபமாயின. விடியற்காலையில் லயத்திலிருந்து சோற்றுப் பொதியோடு புறப்பட்டு, ரயிலேறித் தியத்தலாவையில் இறங்கி, செந்தூசி பறக்கும் அந்த மேட்டில் தகப்பனார் தோளில் உட்கார்ந்து கார் பாய்வதைக் கண்ட பிள்ளைகள் எத்தனை பேர்! தோட்டத்துக் குடும்பங்களுக்கு மகா உற்சவம் அது.

ஆனால், ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் அங்கே பந்தயம் மீண்ட 2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமையன்று, தடம் விட்டு விலகிய கார் ஒன்று ஜனங்கள் நின்ற பக்கம் பாய்ந்து ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றார்கள். எஞ்சிய போட்டிகள் நின்றுபோயின. எந்த ஸ்தலம் என்று நிர்ணயிப்பவர்கள் காருக்கு ஏற்ற மண்ணைத் தேடியது போலவே, கால் ஊன்றி நிற்கும் மனிதருக்கு ஏற்ற மண்ணையும் தேடியிருக்க வேண்டும் என்று என் நெஞ்சு துடிக்கிறது.

அண்மையில் ஒருநாள் மாலை அந்தக் குன்றைப் பார்த்தபடி வீதியோரத்தில் நின்றேன். மூடுபனி இறங்கி, வெண்கல் நரியின் வால் மட்டும் தெரிந்தது. கொழுந்து மடுவத்தில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். பந்தயம் இனி எங்கே நடக்கும் என்று நினைக்கிறீர்கள் ஐயா, என்றேன். அவர் நெடுநேரம் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருசா வருசம் பேரனைத் தூக்கிக்கிட்டு வந்து நின்ன எடம் அதுதான் தம்பி," என்று ஒரு மேட்டைக் காட்டினார். "எப்ப தாத்தா போவோம்னு இன்னமும் கேக்கிறான். நான் ஒண்ணும் சொல்லாமத்தான் இருக்கேன்."